பத்தாவது முட்டை

கிளினிக்கில் என் மேசைக்குப் பின்னாலுள்ள கண்ணாடி அலுமாரியில், பஞ்சு விரித்த ஒரு சின்னப் பெட்டிக்குள் ஒரு கோழி முட்டை இருக்கிறது. அதன் பக்கவாட்டில் சட்டைப் பொத்தானளவு இடத்தில் ஓடு இல்லை. அந்த இடத்தில் வெள்ளைச் சவ்வு மட்டும், ஒரு கீறலும் இல்லாமல். உள்ளேயிருந்தது வற்றிக் காய்ந்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன. காதோடு வைத்து ஆட்டினால் என்னவோ ஒன்று மெல்லத் தட்டுப்படும். புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்கள் அதை நான் வாங்கிய ஏதோ பதக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. வேறு பதக்கம் ஏதும் கிடைத்திருந்தால் திருத்தியிருப்பேன்.

மூளைச் சத்திரசிகிச்சை படிக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்த நான், முதல் வருடம் முழுக்கச் செய்தது நோயாளிகளின் தலைச் சவரம். அத்தனை சோதனைகளையும் எழுதித் தேறிக் கடைசியில் சலூன்காரரின் வேலை. அதையும் அவர் அளவுக்குச் செய்யத் தெரியாது. சவரம் முடிந்தால் இரத்தம் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். மூக்கு அரித்தாலும் நிற்க வேண்டும். இரண்டாம் வருடம் தோலைத் தைக்கவும், மண்டையில் துளையிட்டு உறைந்த இரத்தத்தை வெளியே விடவும் பழக்கினார்கள். மூன்றாம் வருடம் எலும்பைத் திறக்கலாம். திறந்தவுடன் விலகி, எங்கள் சேருக்கு, அதாவது பிரிவின் தலைமை நிபுணருக்கு, இடம் விட வேண்டும். கலியாண வீட்டில் பந்தல் போட்டவன் தாலி கட்டுகிற நேரம் பின்வரிசைக்குப் போவதுபோல. எலும்புக்குக் கீழே மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த சவ்வைத் தாண்டி உள்ளே போக அனுமதி கிடைக்கும் நாளுக்காகத்தான் நாங்கள் எல்லோரும் சவரக்கத்தி பிடித்தோம்.

அந்த அனுமதிக்குச் சேர் ஒரு விதி வைத்திருந்தார். முட்டையின் ஓட்டைத் துளைகருவியால் தேய்த்தெடுக்க வேண்டும், உட்சவ்வு கிழியக்கூடாது. தொடர்ந்து பத்து முட்டை. ஒன்று உடைந்தாலும் திரும்ப ஒன்றிலிருந்து. நான் உடைத்தவற்றால் எங்கள் குவாட்டர்ஸில் மூன்று மாதம் காலையும் மாலையும் ஒம்லெட். கூட இருந்தவர்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் நடந்தார்கள்.

அப்போதுதான், நான் அண்ணை என்று கூப்பிட்ட நோயாளி எங்கள் வாட்டுக்கு வந்து சேர்ந்தார். நெல்லியடிச் சந்தையில் முட்டை வியாபாரி. இடப்பக்க மூளையில், பேச்சுக்குரிய இடத்தை ஒட்டி ஒரு கட்டி. சத்திரசிகிச்சைக்குப் பதினொரு நாள் காத்திருந்தார். அந்தப் பதினொரு நாளும் வாட்டில் அவருடைய குரல்தான் கேட்டது. நேர்ஸ்மாருக்குக் குடும்ப ஆலோசனை, பக்கத்துக் கட்டில்காரருக்கு அரசியல், எனக்கு முட்டை. என் விரலில் ஒட்டியிருந்த மஞ்சள் கருவைப் பார்த்து விசாரித்து, விஷயத்தை அறிந்துகொண்டார்.

"டொக்டர், உந்தப் பண்ணை முட்டை ஓடு மெல்லிசு. ஊர்க்கோழி முட்டையிலை பழகுங்கோ. என்ரை மண்டையும் ஊர்ச்சாமான்தானே" என்றார்.

அடுத்த நாள் அவருடைய மனைவி ஒரு தட்டு நிறைய முட்டை கொண்டுவந்தா. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அதிகம் கதைக்காத மனுசி. புருஷன் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைத்ததால் தேவைப்படவில்லை. அந்தத் தட்டிலிருந்துதான் எனக்குத் தொடர்ந்து பத்து முட்டை சரிவந்தது. பத்தாவதை அண்ணையிடம் காட்டினேன். சந்தையில் பார்ப்பதுபோல் யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, திருப்பி, காதோடு ஆட்டிப் பார்த்து, "இது விக்கலாம்" என்றார். சேர் பார்த்துவிட்டு "ம்" என்றார். எங்கள் பிரிவில் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது.

"நாளைக்கு உவரின்ரை தலையை நீர் செய்யும். நான் பக்கத்திலை நிப்பன்" என்றார் சேர்.

எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். இதை இன்று எழுதவே கூச்சமாயிருக்கிறது. ஆபத்துகளை அண்ணைக்கும் அக்காவுக்கும் சொல்லிக் கையொப்பம் வாங்கியதும் நான்தான். பேச்சுப் பாதிக்கப்படலாம் என்பதையும் சொன்னேன். மினிபஸ் கொண்டக்டர் கொடிகாமம், சாவகச்சேரி என்று ஊர்ப்பெயர்களை அடுக்குவதுபோலச் சொன்னேன்.

சத்திரசிகிச்சைத் தியேட்டர் வாசலில் நிலத்தில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. சொந்தக்காரர் அதற்கு அப்பால் வரக்கூடாது. மறுநாள் காலை அண்ணையின் ட்ரொலியை நானே தள்ளிக்கொண்டு போனேன். கோட்டடியில் அவர் அக்காவின் கையைப் பிடித்தார். பதினொரு நாளில் முதல் தடவையாக அவர் குரல் தணிந்திருந்தது.

"இஞ்சை, கேள். உனக்கு ஒண்டு சொல்லவேணும்…"

உள்ளே மயக்க மருந்து கொடுப்பவர் காத்திருந்தார். சுவரில் மணிக்கூடு. என் கைகள் அரித்தன.

"அண்ணை, ஆறுதலாய் நாளைக்குக் கதையுங்கோ" என்றேன். "எல்லாத்தையும் இப்பவே கதைச்சு முடிச்சா நாளைக்கு அக்காவோடை என்னத்தைக் கதைக்கிறது?"

நல்ல பகிடி. அண்ணை சிரித்தார். அக்காவும் சிரித்தா, சிரித்தபடியே கையை விட்டா. நான் ட்ரொலியைத் தள்ளினேன்.

கட்டி முழுதாக வந்தது. சேர் இரண்டு தரம் "ம்" சொன்னார். பின்னேரம் அண்ணை கண் விழித்தார். வலது கை சோர்ந்து கிடந்தது.

"என்னைத் தெரியுதோ, அண்ணை?"

"ஓம்."

ஆம் என்கிறார். எனக்கு உயிர் வந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். ஓம். தண்ணீர் வேண்டுமா? ஓம்.

"உங்கடை பேர் என்ன, அண்ணை?"

"ஓம்" என்றார். சொன்னது தவறென்று அவருடைய கண்களுக்குத் தெரிந்திருந்தது. வாயைத் திரும்பத் திறந்தார். திரும்பவும் அதே சொல்தான் வந்தது.

ஒரு சிறு நாளத்தில் இரத்தம் உறைந்து, பேச்சுக்குரிய இடம் பழுதாகிவிட்டதென்று ஸ்கான் காட்டியது. தான் செய்திருந்தாலும் இது வந்திருக்கும் என்றார் சேர். அடுத்த மூச்சிலேயே, "வெட்டினது நீர். கதவுக்குப் போம்" என்றார். அது எங்கள் பிரிவின் வழக்கம். வெட்டியவர்தான் வாசலுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

அக்கா மஞ்சள் கோட்டுக்கு அப்பால் கோப்பிப் பிளாஸ்க்குடன் நின்றா. "கதைச்சவரே?" என்று கேட்டா.

"ஓம் எண்டு சொன்னவர்" என்றேன்.

பொய்யில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்க் மூடியில் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தா. அதைக் குடித்து முடிக்கும்வரை அவவைச் சந்தோஷமாக விட்டுவைத்தேன். பிறகுதான் மிச்சத்தைச் சொன்னேன். சத்திரசிகிச்சையில் நான் செய்த பிழைகளுக்குப் பெயர் உண்டு. இதற்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை.

மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று அந்தச் சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொன்னேன். நாளத்தைப் பற்றிக் கேட்டார்கள், மூளையை எவ்வளவு நேரம் விலக்கிப் பிடித்தாய் என்று கேட்டார்கள். மஞ்சள் கோட்டில் நடந்ததை யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அதைக் கேட்டது அக்கா மட்டும்தான். மூன்றாம் மாதம் கிளினிக்குக்கு அண்ணையைக் கூட்டி வந்தபோது.

"டொக்டர், அண்டைக்கு நீங்கள் கிட்ட நிண்டனீங்கள். அவர் என்ன சொல்ல வந்தவர்? நான் ஒவ்வொண்டாய்க் கேட்டுப் பாத்திட்டன். காணிக் கதையோ எண்டால் ஓம். மகளின்ரை கதையோ எண்டால் ஓம். என்னிலை கோவமோ எண்டாலும் ஓம் எண்டுறார். நீங்கள் முகத்தைப் பாத்திருப்பியள்."

அன்று கோட்டடியில் நான் பார்த்தது மணிக்கூட்டை. அக்கா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "விடுங்கோ. நானும் சிரிச்சனான்தானே" என்றா. என்னைத் திட்டியிருந்தால் அந்தத் திட்டு இத்தனை வருடம் மனதில் தாக்குப் பிடித்திருக்காது.

பிறகு நானும் சோதனை பாஸ் பண்ணி, வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்துத் திரும்பி வந்து, இன்று மற்றவர்கள் என்னைச் சேர் என்று கூப்பிடுகிற கதிரையில் இருக்கிறேன். முட்டை விதி அப்படியே இருக்கிறது. கூட ஒரு விதி போட்டேன். மஞ்சள் கோட்டில் ட்ரொலி நிற்க வேண்டும். தள்ளுகிறவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அவர்கள் கதைத்து முடிக்கும்வரை. நேரம் போகிறதென்று பயிற்சி மருத்துவர்கள் முணுமுணுப்பார்கள். மயக்க மருந்து கொடுப்பவர் உள்ளேயிருந்து "பூசை முடிஞ்சுதோ?" என்று கேட்பார். சில பேர் ஒரு சொல்லும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சிலர் தண்ணீர் மோட்டரை நிறுத்தினாயா என்று கேட்பார்கள். நான் சுவரில் பெயின்ற் உரிந்த இடங்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.

போன கிழமை அண்ணையும் அக்காவும் கிளினிக்குக்கு வந்தார்கள். வழமைபோல் முட்டைகளோடு. அக்கா மருந்து எடுக்கப் போன நேரம் அண்ணை அலுமாரியைக் காட்டினார். பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். முட்டையை இடது கையால் யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், திருப்பினார், காதோடு ஆட்டினார். நாங்கள் இருவர் மட்டும். பன்னிரண்டு வருடமாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணை, என்னை மன்னிச்சிட்டியளோ?"

"ஓம்" என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"வெளியிலை மழை பெய்யுதோ, அண்ணை?"

"ஓம்."

வெளியே யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் தகித்துக்கொண்டிருந்தது. அண்ணை முட்டையைப் பஞ்சில் வைத்து மூடியை மூடினார்.