அங்கே எனக்கு இடம் உண்டா?

நான் திருவரங்குளத்து இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். ஆவூரில் ஒரு கிறிஸ்தவரைக் காதலித்து மணந்தேன். ஞானஸ்நானம் வாங்கவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. போன வருடம் மாரடைப்பில் அவர் இறந்துவிட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் என் மாமியாரிடம், "அழுவாதீங்க, மோட்சத்துல மகனைப் பாப்பீங்க" என்றார்கள். என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அங்கே இடமில்லையோ என்று குழம்பினேன். கேட்கவும் பயம். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் காரணம் சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாளே அத்தை பஸ் ஏறி வந்துவிட்டார். "அவனும் போயி நீயும் போயிட்டா, நான் யாரு மூஞ்சியப் பாத்து இருக்குறது?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் செத்தா அவரைப் பாக்க முடியுமா அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு, "எனக்குத் தெரியலத்தா. ஆனா ஒனக்கு முன்னாடி நான்தானே போவேன்? ஆண்டவர்கிட்ட நானே கேக்குறேன். ஒன்னைய விட்டுட்டு நான் உள்ள போக மாட்டேன்" என்றார்.

அன்றே அவரோடு ஆவூர் திரும்பினேன். என் குழப்பம் முழுசாகத் தீரவில்லை. ஆனால் மனதை உறுத்துவதை இப்போது உள்ளேயே வைத்துக்கொள்வதில்லை, அத்தையிடம் கேட்டுவிடுகிறேன். ஞாயிறுதோறும் இருவரும் கல்லறைக்குப் போகிறோம். அத்தை செபம் சொல்வார். எனக்குச் செபம் தெரியாது. அந்த வாரம் வீட்டில் நடந்ததை என் கணவரிடம் சொல்கிறேன். அவர் கேட்கிறார் என்று நம்பத் தொடங்கியிருக்கிறேன்.

- ஒரு வாசகி, ஆவூர்