காற்றில்லாத நாளின் அலை

ஆழியின் நடுவே அரவணையில் கண்வளரும் பெருமானே, அலை எழுவதும் அடங்குவதும் நின் மூச்சென்று பாடிப் பழகிய நாவுடையவன் இதனை எழுதத் தொடங்குகிறேன். கண்டது கூடாமல், குறையாமல் எழுதி முடிக்க அருள்வாய்.

சித்திரைத் திங்கள், முழுமதியும் சித்திரை விண்மீனும் கூடிய நன்னாள். தாயை இழந்தவர்கள் உண்ணாதிருந்து, நீராடி, தாயின் பெயரால் எள்ளும் நீரும் இறைக்கும் நாள் அது. என் தங்கை உருக்குமணி கடந்த ஐப்பசியில் காலமானாள். அவள் மகன் ரங்கராஜ் என் ஒரே மகள் சுமதியின் கணவர். சோமனூரில் விசைத்தறிக்கூடம் நடத்தியவர். தாய்க்குரிய முதற் சித்திரை முழுமதியைக் கடலாடிக் கழிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். எங்கள் குடும்பத்தார் இக்கடனைப் பேரூர்ப் படித்துறையில் செய்வதே வழக்கம். நொய்யலில் இப்போது ஓடும் நீரில் கால் நனைக்கவும் மனம் கூசுகிறது. ஆகவே கடல்.

முழுமதிக்கு முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு நான், சுமதி, ரங்கராஜ் மூவரும் சிங்காநல்லூரிலிருந்து புறப்பட்டோம். வாடகைக் கார், கிலோமீட்டருக்குப் பதினான்கு ரூபாய். ஓட்டுநர் மணி எங்கள் தெருக்காரர், வாய் ஓயாதவர். பல்லடம் கடந்து தாராபுரம் நெருங்கும்போது வெயில் ஏறிவிட்டது. இருபுறமும் காற்றாலைகள் ஓர் இறக்கையும் அசையாமல் நின்றன. ஒட்டன்சத்திரத்தில் இட்லியும் காப்பியும் ஆயின. காப்பி இருபது ரூபாய். குடித்தபின் அந்த விலை அதிகம் என்று மூவரும் ஒருமனதாகச் சொன்னோம். மதுரையைப் புறவழியில் தாண்டித் திருநெல்வேலியில் உண்டு, மாலை நான்கு மணியளவில் ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைந்தோம். காற்றுக்குப் பெயர்போன அவ்விடத்திலும் அன்று ஓர் இலை ஆடவில்லை.

அங்கேதான் சுமதியின் கைப்பேசியில் எச்சரிக்கை வந்தது. தென்கடலோரத்தில் கள்ளக்கடல் என்னும், சொல்லாமல் வரும் உயர் அலை எழக்கூடும், கரையோரம் கவனமாக இருங்கள் என்பது செய்தி.

"ஏனுங்க, கள்ளக்கடல்னு போட்டிருக்குதுங்க. நாளைக்குத் தண்ணியில எறங்கோணுமா?" என்றாள்.

ரங்கராஜ் சிரித்தார். "மழையில்ல, காத்தில்ல. கடலுக்கு மட்டும் என்ன கோவம்? அதும் பொண்டாட்டி மாதிரியா, காரணமே வேண்டாங்குதா?"

"பாத்துப் பேசுங்க, அண்ணா. அக்கா இன்னும் வண்டியவுட்டு எறங்கலீங்க," என்றார் மணி. காரில் எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

கன்னியாகுமரியில் கூட்டம் மிகும் என்பதால், நாகர்கோவிலில் தங்கி, மறுநாள் தென்மேற்கே பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு மீனவ ஊருக்குச் செல்வதென முடிவு செய்தோம். அவ்வூரின் பெயரை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. அங்குள்ளவர்கள் எங்களுக்கு நன்மையன்றி வேறொன்றும் செய்யவில்லை. எங்கள் துயரால் அவர்கள் கரைக்குக் கெட்ட பெயர் வரலாகாது.

முழுமதி நாள் காலை ஏழு மணி. கரையிலே ஒரு மாதா கோயில், வரிசையாக ஏற்றி வைத்த படகுகள், வலைகள். படகுகள் ஏன் இத்தனை மேலே கிடக்கின்றன என்று எங்களுள் ஒருவரும் கேட்கவில்லை. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் பளபளத்தது. நீண்ட இடைவெளிவிட்டு ஒரு தாழ்ந்த மேடு நகர்ந்து வரும், மணலில் விரியும், மறையும். ரங்கராஜ் கண்மூடிக் கேட்டார். "தறிச் சத்தமாட்டமே இருக்குதுங்க மாமா. இங்க படுத்தா நல்லாத் தூக்கம் வரும்."

எங்களைப் போலவே கடலாட, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குடும்பமும் அங்கே நீராடிக்கொண்டிருந்தது. வாசகர்கள் இதனைக் கருத்தில் வைக்க வேண்டுகிறேன். ஆற்றில் நீராடி வளர்ந்தவர்கள் நாங்கள். விடியலில் நீரில் இறங்கினால் முகம் தானே கிழக்கே திரும்பும். கதிரவனை வணங்கியபின் மூழ்குவோம். பேரூரில் அதனால் தீங்கில்லை. அந்தக் கரையிலோ கடல் மேற்கே இருந்தது. கிழக்கு நோக்கி நின்ற எங்கள் அனைவரின் முதுகும் கடலைப் பார்த்திருந்தது. நான் கணுக்காலளவு நீரில் நின்றேன். ரங்கராஜ் இடுப்பளவு நீரில், எள்ளும் நீரும் ஏந்திய கையைத் தூக்கித் தாயின் பெயரைச் சொன்னார்.

கரையில் மீன்கூடையோடு நின்ற ஒரு பெண்மணி கத்தினார். "எய்யா! மொகத்தக் கடலுக்குக் காட்டி நில்லும்! கடலுக்கு முதுகு காட்டப்பிடாது!"

ரங்கராஜ் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். மந்திரம் முடியவில்லை என்று இடக்கையால் சைகை செய்தார். அவர் பின்னே அந்தத் தாழ்ந்த மேடு நிமிர்வதை நான் கண்டேன். காற்றில்லை, நுரையில்லை; கண்ணாடிச் சுவர்போல் எழுந்தது. முதல் அலை அவரை முழங்காலில் தள்ளியது. எழுந்தார். இரண்டாவது அவரைக் கரைப்பக்கம் உருட்டிற்று. அடுத்த கணம் அதே நீர் திரும்பியபோது அவரையும் அழைத்துக்கொண்டு போயிற்று. மூன்றாவது வந்தபின் நீரின்மேல் எவரும் இல்லை. திருப்பூர்க் குடும்பத்தார் கரைக்கு ஓடினர். மணி சட்டையோடு பாய்ந்தார். மீனவர் இருவர் அவரைப் பிடித்து இழுத்தனர், இல்லையேல் இருவரை இழந்திருப்போம். சுமதி கரையில் பூசைத்தட்டை ஏந்தியபடியே நின்றாள். யாரோ வந்து அவள் கையிலிருந்து அதனை வாங்கினார்கள்.

காவலர் வந்தனர், கடலோரக் காவல் படகு ஒன்று தொலைவில் வந்து சுற்றிற்று. ஊர்ப் படகுகள் இறங்கவில்லை. கள்ளக்கடல் அடங்காமல் படகை இறக்கினால் கரையோரம் அலை உடையும் இடத்திலேயே கவிழும் என்றார்கள். மாதா கோயிலின் பங்குத்தந்தை எங்களைத் தம் சமூகக் கூடத்தில் தங்கச் செய்தார். துறவறம் ஏற்குமுன் இயற்பியல் பயின்றவர். துளசிமாலையும் நெற்றித் திருமண்ணுமாக நான் அங்கே மூன்று நாள் அவர்கள் சோற்றை உண்டேன். எவரும் வேற்றுமை காட்டவில்லை.

அன்று மாலை பங்குத்தந்தையிடம் நான் கேட்டேன். "காற்றே இல்லாமல் அலை எங்கிருந்து வந்தது?"

அவர் சொன்னதை என் மொழியில் தருகிறேன். காற்று நீரின்மேல் உராயும்போது முதலில் சிற்றலை சுருளும். அந்தச் சுருளே காற்றுக்குப் பிடிமானம். பிடிமானம் கிடைத்த காற்று இன்னும் தள்ளும், அலை வளரும். எவ்வளவு வலிய காற்று, எத்தனை நேரம், எத்தனை அகன்ற நீர்ப்பரப்பில் அடித்தது என்பதைப் பொறுத்து அலையின் அளவு அமையும். பின் காற்று ஓய்ந்தாலும் அலை ஓய்வதில்லை. பிறந்த இடத்தை விட்டுப் புறப்பட்டுவிடும். தெற்கே, மனிதர் குடியிருப்பற்ற பெருங்கடலில் வீசிய புயலின் அலைகள் பல நாள் நடந்து, பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து, வெயில் காயும் நம் கரைக்கு வரும்.

"அப்படியானால் அந்த நீர் அவ்வளவு தூரம் வருகிறதா?"

"நீர் வராது ஐயா. அலைதான் வரும். நீர் நின்ற இடத்திலேயே ஒரு வட்டம் சுற்றித் தன் இடத்துக்கே திரும்பும்."

காங்கேயம் பக்கத்துச் சோளக்காட்டை நினைத்துக்கொண்டேன். காற்றடித்தால் கதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் குனிந்து எழ, வரப்பிலிருந்து வரப்புக்கு ஏதோ ஓடுவதுபோல் தோன்றும். ஒரு தாளும் வேரை விட்டு நகர்ந்திராது.

சுமதி தலை நிமிர்ந்தாள். "தண்ணி எடத்தவுட்டு நகராதுனா, அவரு எப்படிப் போனாருங்க, சாமி?"

பங்குத்தந்தை அவள் பக்கம் திரும்பி அமர்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "அது ஆழத்திலேம்மா. கரைகிட்ட வந்தா அலைக்கு அடிமணல் தட்டும். கீழே நடை தளரும், மேலே உயரும், நிற்க முடியாம உடையும். உடைஞ்சாத்தான் தண்ணியே நகரும். ஏறின தண்ணி இறங்கணுமில்லையா? பள்ளம் பார்த்து இறங்கும். அந்தப் பள்ளத்திலேதான்..."

இரண்டாம் நாள். படகுகள் எப்போது இறங்கும் என்பதே எங்கள் ஒரே கேள்வி. பங்குத்தந்தை ஓர் அடையாளம் சொன்னார். நீண்ட அலைகள் வேகமாக நடப்பவை, அவை முந்தி வரும். குறுகிய அலைகள் பிந்தி வரும். ஆகவே புயலின் வரவு தீரத் தீர, ஓரலைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி குறுகிக்கொண்டே போகும். நான் மணலில் அமர்ந்து துளசிமாலையை எடுத்தேன். ஓரலை உடைந்ததும் தொடங்கினேன், ஒரு திருநாமத்துக்கு மாலையில் ஒரு மணி. அடுத்தது உடையும்வரை உருட்டினேன்.

"எத்தனைங்கப்பா?" என்றாள் சுமதி.

"பதினேழு."

எழுபத்திரண்டு ஆண்டு வாழ்வில் நாமத்தை இப்படி அளவுகோலாக நான் பயன்படுத்தியதில்லை. குற்றமானால் பெருமான் பொறுக்கட்டும். நண்பகலிலும் பதினேழு. மாலை பதினாறு.

அன்று சோமனூரிலிருந்து ரங்கராஜின் பெரியப்பா மகன் அழைத்தார். "மாமா, மனசத் தேத்திக்குங்க. தர்ப்பையில உருவம் செஞ்சு காரியத்த முடிச்சுபோடலாமுங்க. எத்தன நாளைக்குக் கடலப் பாத்துட்டே உக்காந்திருப்பீங்க? அதுக்கு விதி இருக்குதுதானுங்களே?"

உடல் கிடைக்காதபோது புல்லால் உருவம் செய்து எரியூட்டும் விதி உண்டு. எங்கள் குடும்பத்தில் இத்தகைய கேள்விகளுக்கு என் சொல்லே முடிவு. சுமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, விதி இருக்குதுனு மட்டும் சொல்லிப்போடாதீங்க. புல்ல எரிச்சுப்போட்டு நான் ஊட்டுக்கு வரமாட்டேனுங்க. அவரு இங்க இருக்கறாரு."

கைப்பேசியில் சொன்னேன்: "இருக்குதுங்க தம்பி. ஆனா இப்ப இல்ல. கடல் அடங்கட்டும்."

"அடங்குமுங்களா?"

"அடங்கும்."

அச்சொல்லுக்கு என்னிடம் இருந்த சான்று, பதினேழு பதினாறானது ஒன்றே.

மூன்றாம் நாள் காலை சுமதி எனக்கு முன்பே கரையில் இருந்தாள். அவளுக்கு மாலை வேண்டியிருக்கவில்லை. விரல் மடக்கி எண்ணினாள். "பன்னண்டுங்கப்பா. ரெண்டு தடவ பாத்துட்டேன், பன்னண்டு." நானும் உருட்டிப் பார்த்தேன். பன்னிரண்டே. மேடுகள் குட்டையாகிவிட்டன, மீனவர்கள் தமக்குள் ஏதோ பேசிக்கொண்டு, ஏற்றிவைத்த படகுகளைத் தள்ளத் தொடங்கினர். ஒருவர் சுமதியிடம் வந்து, "மக்கா, உள்ளே போய் இரு. நாங்க கொண்டாறோம்," என்றார். அவள் போகவில்லை.

நான்கு படகுகள் சென்றன. பத்து மணிக்குச் சற்றுப் பின், வடமேற்கேயுள்ள பாறைக்கூட்டத்தின் உட்புறத்திலிருந்து ரங்கராஜைக் கொண்டுவந்தார்கள். கரையில் இறக்கும்போது ஒரு சிற்றலை வந்து படகின் பின்புறத்தை மெல்ல உயர்த்திக் கொடுத்தது. அத்தனை பணிவான அலை. சுமதி அருகே சென்று தன் முந்தானையால் அவர் முகத்து மணலைத் துடைத்தாள். "வாங்க, ஊட்டுக்குப் போலாம்," என்றாள்.

அரசு மருத்துவமனையில் சட்டப்படி ஆகவேண்டியவை ஆக மாலையாயிற்று. குளிர்பெட்டி வைத்த வண்டி முன்னே, எங்கள் கார் பின்னே. பங்குத்தந்தை வண்டியின்மேல் கைவைத்துத் தம் மொழியில் வேண்டினார். நான் என் மொழியில் வேண்டினேன். படகுக்காரர்களுக்குக் கைம்மாறாக ஏதேனும் கொடுக்க முயன்றேன். ஒருவரும் கை நீட்டவில்லை.

வந்த வழியே திரும்பினோம். மணி ஒரு சொல்லும் பேசவில்லை. திருநெல்வேலிக்கு அப்பால் ஒருமுறை வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுது, முகம் கழுவிக்கொண்டு மீண்டும் ஓட்டினார். எங்கள் சிங்காநல்லூர்க் குளத்திலும் அலை உண்டு. மாலைக் காற்றில் சுருளும். காற்று நின்றால் அரைநாழிகையில் படுத்துவிடும். கண்ணெதிரே பிறந்து கண்ணெதிரே இறக்கும் அலையை மட்டுமே பார்த்து வளர்ந்த நாங்கள், காற்றைப் பார்த்துத்தான் நீரைக் கணித்தோம்.

பல்லடம் தாண்டியபின் சுமதி கேட்டாள். "அந்தக் காத்து என்னிக்கு அடிச்சுதுங்கப்பா?"

"ஒரு வாரம் முந்தி இருக்கலாமுனு சாமி சொன்னாரு, கண்ணு."

அவள் மனத்துள் நாளைப் பின்னோக்கி எண்ணினாள். "ஞாயித்துக்கெழமையாட்டம் இருக்குது. அன்னிக்கு அவரு நம்மூட்டுலதான் இருந்தாருங்க. மோருக்கொழம்பு ரெண்டாந்தரம் கேட்டாரு. தீந்துபோச்சுன்னேன்." முன்னே செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி சொன்னாள்: "சட்டியில கொஞ்சம் இருந்துதுங்கப்பா. உங்களுக்குன்னு வெச்சிருந்தேன்."

இதனைப் படிக்கும் ஒவ்வொருவர்க்கும்: நீங்கள் இறங்கும் நீர் உங்களைத் திரும்பத் தருக. எந்நாட்டில் எக்காற்று வீசினும் உங்கள் கரை அமைதியாய் இருக்க. உங்கள் வீட்டார் கேட்கும்போதெல்லாம் உங்கள் சட்டியில் இன்னும் ஓர் அகப்பை மிஞ்சியிருக்க, அதனை அப்போதே இட உங்கள் கை நீள்க. எல்லாரும் வீடு சேர்ந்து வாழ்க.