பின் கண்ணாடியும் என் நாத்தனாரும்

என் நாத்தனார் எதையும் சும்மா விடமாட்டார். குக்கர் விசில் அடிப்பதற்கு முன் ஏன் ஒருமுறை முனகுகிறது, எதிர்வீட்டு நாய் ஊரையே பார்த்துக் குரைத்துவிட்டுத் தபால்காரரை மட்டும் ஏன் விட்டுவிடுகிறது என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே, "நீ ஏன் செருப்பைக் கழட்டும்போது வலது செருப்பை மட்டும் திருப்பிப் போடுற?" என்று என்னைக் கேட்டார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. இன்றுவரை அதற்குப் பதிலும் தெரியவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறார். ஆஸ்பத்திரியின் பழைய ஜீப்பை ஓட்டுவதுதான் வேலை. மேட்டுத் தெருவில் நடக்க முடியாத நோயாளிகளைச் சிகிச்சைக்கு அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். மழை பெய்தால் மற்ற வண்டிகள் அந்த மேட்டில் சறுக்கும். அதனால்தான் நாலு சக்கரமும் இழுக்கிற அந்தக் கிழட்டு ஜீப்பை இன்னும் வைத்திருக்கிறார்கள். தெருக்கோடியில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. கடைசி வீடுவரை பின்னாலேயே ஏற்றவேண்டும்.

குளிர் மாதங்களில் பின்சீட்டுக்காரர்களின் மூச்சும் ஈரக் கோட்டுகளும் சேர்ந்து பின் கண்ணாடியை வெள்ளையாக்கிவிடும். அதற்காகவே பின்கதவிலுள்ள அந்தக் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய கம்பிக்கோடுகள் உண்டு. சுவிட்சைப் போட்டால் கோடுகள் சூடேறி, பனி விலகும். இந்தக் குளிருக்கு அது விலகவே இல்லை. ஒருநாள் காலை பின்னால் ஏற்றும்போது கடைசி வீட்டுச் சுவரில் இடித்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு விளக்குதான் உடைந்தது.

ஆஸ்பத்திரி வண்டிகளைக் கவனிக்கும் அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"உங்களுக்கும் வயசாயிடுச்சும்மா. சின்னப் பையன் ஒருத்தன் ரெடியா இருக்கான்."

"கண்ணாடியில பனி சார். பின்னாடி ஒண்ணுமே தெரியல."

"எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்றாங்க. வெள்ளிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து காட்டுங்க. சரியா இல்லன்னா டோக்கன் கவுன்டர்ல உட்காருங்க."

அன்று சாப்பாட்டின்போது நாத்தனார் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தட்டைக் கழுவும்போதுதான் மெதுவாகச் சொன்னார்: "டோக்கன் குடுக்கிற வேலையில செத்துப்போயிடுவேன்."

என் கணவர், அதாவது அவருடைய தம்பி, பழைய வண்டி மெக்கானிக். வீட்டுக்கு முன்னாலேயே பட்டறை. வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். ஜீப்பைப் பார்த்தார். கண்ணாடியில் ஏதோ பெட்டி உரசிய கீறல் ஒன்று கோடுகளின் குறுக்கே ஓடியது. அவ்வளவுதான், தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கோடு அறுந்துபோச்சுக்கா. கண்ணாடியையே மாத்தணும்."

"சோதிச்சியாடா?"

"பார்த்தாலே தெரியுதே!"

உடைசல் வண்டிகள் குவிந்த இடங்களையெல்லாம் சல்லடை போட்டுத் தேடி, அதே மாதிரி ஜீப்பிலிருந்து ஒரு கண்ணாடியைப் பிடித்துவந்தார். பழையதை அலுங்காமல் கழற்றினார். புதுக் கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பட்டையை மாட்டி, அதன் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் செருகி, சோப்புத் தண்ணீர் தடவி, நான் வெளியிலிருந்து தள்ள அவர் உள்ளிருந்து கயிற்றை இழுக்க, கண்ணாடி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அந்த வேலையை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். பின்கதவைத் திறந்துவைத்து, ஒயர்களை மாட்டி, சுவிட்சைப் போடச் சொன்னார். கோடுகளைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு.

"எப்படி?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மறுநாள் நாத்தனார் மேட்டுத் தெருவிலிருந்து இறங்கி நேரே பட்டறைக்கு வந்தார். பனி விலகவே இல்லையாம். இவர் மறுபடி பின்கதவைத் திறந்து தொட்டுப் பார்த்தார். சூடு.

"நல்லாத்தானேக்கா இருக்கு! சுவிட்சைப் போட மறந்திருப்ப."

இந்த மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாத்தனார் முகம் சுண்டிப்போனது. தம்பியும் அந்த அதிகாரி கட்சிக்குப் போய்விட்டான் என்று நினைத்திருப்பார். எனக்கே இவர்மேல் ஆத்திரம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார். சண்டைக்கு அல்ல, கேள்விக்கு.

"உன் முன்னாடி மட்டும் ஏன்டா வேலை செய்யுது?"

"அதை என்னைக் கேட்டா?"

"நீ சோதிக்கும்போது எங்க நிப்ப?"

"பின்னாடிதான்."

"கதவு?"

"திறந்திருக்கும். திறக்காம எப்படிக்கா கோட்டைத் தொடுறது?"

"நான் திறந்துபோட்டுட்டா ஓட்டுறேன்?"

அடுத்த நிமிடம் ஒரு பாத்திரம் நிறையச் சுடுதண்ணீரோடு என்னை ஜீப்பின் பின்னால் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆவியில் கண்ணாடி வெளுத்தது. எனக்கு வியர்த்தது. நாத்தனார் சுவிட்சைப் போட்டார். காத்திருந்தேன், ஒரு கோடுகூடத் தெளியவில்லை.

"இல்ல அண்ணி!" என்று கத்தினேன்.

"கதவைத் திற!"

திறந்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் தொட்டேன். சூடு. சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஆறிப்போனது. பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அவரைப்போலவே எனக்கும் இது ஏன் என்று தெரிந்தாகவேண்டும் போலிருந்தது.

கதவின் கீல் பக்கத்தில் ஒயர் போகும் ரப்பர் குழாய் ஒன்று உண்டு. கணவர் அதை உருவினார். ஒயர் வெளியே முழுசாகத்தான் இருந்தது. வளைத்துப் பார்த்தால் உள்ளே செம்பு அறுந்திருந்தது. கதவைத் திறந்தால் இரண்டு முனையும் தொட்டுக்கொள்ளும், சாத்தினால் பிரியும். ஒரு முழத்துக்கும் குறைவான ஒயரை மாற்றினார். வாயே திறக்கவில்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை அந்த அதிகாரியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, நாத்தனார் கதவைச் சாத்தினாராம். "ஊதுங்க சார்" என்றாராம். அவரும் ஊதினார். பனி கோடு கோடாக விலகி, பின்னால் நின்ற மரம் தெரிந்தது.

"சரிம்மா, நீங்களே ஓட்டுங்க."

"ஏன் சார், அன்னைக்கே பனின்னு சொன்னேனே, ஏன் ஒரு தடவை ஏறிப் பார்க்கல?"

அவர் மணியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாராம்.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். சாயங்காலம் பார்த்தால், பட்டறை மூலையில் சாய்த்திருந்த பழைய கண்ணாடி எங்கள் சாப்பாட்டு மேசைமேல் படுத்திருக்கிறது. நாத்தனார் பட்டறை பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை அதில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டிதான் சரியாயிடுச்சேக்கா. இது எதுக்கு?" என்றார், டிபன் தட்டோடு உட்கார்ந்திருந்த கணவர்.

நாத்தனார் குனிந்து ஊதினார். வெள்ளை படர்ந்தது. கீறல் இருந்த இடத்தில்கூட ஒவ்வொரு கோடாகத் தெளிந்து, கீழே இருந்த மேசைவிரிப்பின் பூ தெரிந்தது.

"பாவம்டா இது. ஒரு தப்பும் பண்ணல" என்றார். "கழட்டுறதுக்கு முன்னாடி யாராவது ஒரு தடவை ஊதிப் பார்த்திருக்கலாம்ல?"

என் கணவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோய் அக்காவின் பக்கத்தில் நின்றார். பிறகு அவரும் குனிந்து ஊதினார்.