பாட்டில் வராத எட்டாவது ஆள்

என் இளைய மகனை உங்களுக்கெல்லாம் தெரியும். ராப் பாடிப் பேர் வாங்கினான். பிறகு தொலைக்காட்சியில் ஆட்களைச் சிரிக்க வைக்கும் நிகழ்ச்சி நடத்தினான். இப்போது ஷூ கம்பெனி முதலாளி. அவன் கதையைக் கேட்டு வருகிறவர்களுக்கென்று அவனுடைய மேனேஜர் ஒரு தாள் வைத்திருக்கிறார். வாங்கிய பரிசு முதற்கொண்டு எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு மதியம் மட்டும் இல்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன். எனக்கு எழுதத் தெரியாது, பேத்தி எழுதுகிறாள். மெருகு போடாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

இருபது வயதில் அவன் அட்டைப்பெட்டி ஆலையில் இருந்தான். பெட்டியை மடித்து, டேப் ஒட்டி அடுக்க வேண்டும். இவன் மடித்ததைவிடத் தட்டியதுதான் அதிகம். அட்டைமேல் விரல் முட்டியால் தாளம் போட்டு, பக்கத்தில் நிற்கிறவர்களை வம்புக்கு இழுத்து மடமடவென்று பாடுவான். "டேப்ப பொட்டி மேல ஒட்டுறியா, உன் வாய் மேல ஒட்டவா?" என்று சூப்பர்வைசர் கத்துவார்.

அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். கண்ணாடிக்காரர் சோடாபுட்டி. நெட்டையானவர் ஒட்டடைக்குச்சி. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை. ஆறு நாளும் பசை படிந்த சட்டையில் இருப்பவர், ஞாயிறு மட்டும் வெள்ளைச் சட்டையில் தெருவை இரண்டு தடவை அளந்துவிட்டு வருவார். அவர் மனைவி வாசலில் இஸ்திரி மேசை போட்டிருந்தாள்; தெருவுக்கே அவள் இஸ்திரிக்காரி. அவர் சட்டை மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்.

ராப் போட்டி ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. இவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று காலை தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வாரம் ஞாயிறும் வேலை இருந்ததால், பதிலுக்கு அன்று ஓய்வு நாள். நேரே போய்க் கேட்டேன்.

"தம்பி, இவன் கார்டுல நீங்க ஒரு ஷிப்ட் போயிட்டு வர முடியுமா? அவன் பாடிட்டு வந்துருவான்."

"பாட்டுப் பாட லீவு கேட்டானா? பல்லு வலின்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பாங்க!" என்று சிரித்தார். "குடுங்கக்கா. ஜெயிச்சா கப்புல பாதி எனக்கு."

"ஓய்வு நாள்லகூட வீடு தங்காது இது," என்று மேசையடியிலிருந்து மனைவி திட்டினாள். அவர் அதற்கும் சிரித்துக்கொண்டே போனார்.

மூன்று மணிக்கு குடோனில் தீப்பிடித்தது. பின்கதவு வெளியே பூட்டிக் கிடந்தது.

ஆலை வாசலில், உள்ளே போய் வெளியே வராதவர்களின் கார்டுகளைப் பார்த்து இறந்தவர்கள் பட்டியலை வாசித்தார்கள். என் மகன் பெயரும் வந்தது. இஸ்திரிக்காரி என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பெயரைக் கேட்டதும் கையை விட்டுவிட்டாள். அந்தக் கார்டோடு உள்ளே போனது யார் என்று அந்தக் கூட்டத்தில் எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

இவன் போட்டியில் தோற்று, வெறுங்கையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். ஆலைக்காரர்கள் பட்டியலில் இவன் பெயரை அடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் வேறு பெயர் எழுதவில்லை. "அவருக்கு அன்னைக்கு வேலை இல்ல. எதுக்கு உள்ள வந்தார்னு எங்களுக்குத் தெரியாது," என்று முடித்துவிட்டார்கள். போனது எட்டு உயிர். பட்டியலில் ஏழு.

கார்டு மாற்றியது வெளியே தெரிந்தால் உன் பிள்ளை ஜெயிலுக்குத்தான் போவான் என்று சூப்பர்வைசர் என் காதில் போட்டார். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். "வாயத் திறந்தே, நான் உனக்கு அம்மா இல்ல," என்றேன். புருஷன் பேரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி இஸ்திரிக்காரி தொழிலாளர் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். கார்டுக்குச் சொந்தக்காரன் வந்து சொன்னால்தான் ஆகும் என்று விட்டார்கள். அவள் என்னிடம் வந்து கேட்டாள். "என் பிள்ளைய உள்ள தள்ளச் சொல்றியா?" என்று அவளையே திருப்பிக் கேட்டேன். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

அடுத்த வருடம் இவன் அந்தத் தீயைப் பாட்டாக்கினான். சோடாபுட்டி, ஒட்டடைக்குச்சி என்று ஏழு பட்டப்பெயரும் வரிசையாக வரும். அந்தப் பாட்டுத்தான் இவனை மேடையேற்றியது, காரேற்றியது. எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது அது ஒலித்தால், இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முடியும்வரை சும்மா நிற்பாள். கை நின்றுபோனால் துணி கருகிவிடும் அல்லவா?

இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது. போன வருடம் இவன் புதுத் தொழிற்சாலை கட்டினான். வாசலில் கல் நட்டு, பாட்டில் வரும் ஏழு பேரையும் அதில் வெட்டப்போவதாகச் செய்தி வந்தது. அன்று இஸ்திரிக்காரி என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"பாட்டு காத்தோட போயிரும். கல்லு அப்படியில்ல. ஏழுன்னு வெட்ட வேணாம்னு உங்க மகன்கிட்ட சொல்லுங்க," என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

நான் அவன் ஆபீசுக்குப் போனேன். மேனேஜரும் இருந்தார்.

"எட்டாவது ஆள் பேரையும் வெட்டு. பாட்டுலயும் சேத்துடு."

"அது நீளமான பட்டப்பேரும்மா. அப்பவே போட்டுப் பாத்தேன், தாளத்துல உக்காரல."

"உக்காரலன்னா நிக்க வை. என்கிட்டயே தாளம் போடுறியா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீதானம்மா வாயத் திறக்காதன்னு சொன்ன."

"நான்தான் சொன்னேன். பெத்தவ பயத்துல சொன்னது. இப்ப நானே சொல்றேன், திற."

மேனேஜர் இடையில் புகுந்தார். "இப்ப சொன்னா, இத்தன வருஷம் மறைச்சார்னு பேசுவாங்கம்மா. டிவி ஒப்பந்தம் போயிரும்."

"மறைச்சான்தானே? பேசட்டும். நீங்க போய் டீ குடிங்க."

அவர் போகவில்லை. மகன்தான் எழுந்து போனான். ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. நானும் விடவில்லை, நாளுக்கு நாலு முறை அடித்தேன்.

திறப்பு விழாவுக்கு என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இஸ்திரிக்காரி வரவில்லை. கல்லைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். இவன் அந்தப் பாட்டைப் பாடினான். ஏழாவது பேர் முடிந்ததும் கையைத் தூக்கினான். இசை நின்றது.

"இன்னொருத்தர் இருக்காரு," என்றான். மூச்சு வாங்கியது. "ஞாயித்துக்கெழம மாப்ள. என் கார்ட எடுத்துக்கிட்டு, எனக்குப் பதிலா உள்ள போனாரு. நான் பாடப் போயிருந்தேன். இத்தன வருஷமா இத நான் சொல்லல."

கைதட்ட வேண்டுமா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் விழித்தது. பிறகு கல்லின் துணியை விலக்கினார்கள். அதில் ஒரு எழுத்தும் இல்லை. ஏழு பேர் என்று வெட்டியிருந்ததை முந்தின நாளே இழைத்து எடுக்கச் சொல்லிவிட்டானாம்.

டிவி ஒப்பந்தம் போனது. கண்டபடி ஏசினார்கள், கொஞ்சம் பேர் பாராட்டினார்கள். மறுநாள் காலை அவன் இஸ்திரிக்காரி முன்னால் போய் நின்றான்.

"அத்தை..."

"போன்ல காட்டினாங்க, பாத்தேன்," என்றாள் அவள். "மேடையில சொன்னா ஆபீசுல ஏத்துக்க மாட்டாங்க. வந்து எழுதிக் குடு."

மூன்று பேரும் ஒரே காரில் போனோம். தொழிலாளர் ஆபீஸ் வரிசையில் அவனைப் போட்டோ எடுக்க வந்தவர்களை, "பின்னால போங்கப்பா" என்று அவளே விரட்டினாள். அவன் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினான். கிளார்க் வாசித்துக் காட்டினார். மாற்று ஆளை ஏற்பாடு செய்தது அவனே என்று அதில் இருந்தது.

"அது தப்பு," என்றேன். "போய்க் கேட்டது நான். அப்படி எழுதுங்க."

"அம்மா, அது எதுக்கு..." என்று அவன் இழுத்தான்.

"எழுதச் சொன்னேன்."

கிளார்க் அந்த வரியை அடித்துத் திருத்தினார். மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் கட்டைவிரலை அழுத்தி வைத்தேன். இஸ்திரிக்காரி குனிந்து, அந்த ரேகை காயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நானும் பார் என்று கேட்கவில்லை.