கேட்டதைச் சொல்லக் கூடாதவள்

வந்தவாசிக்காரி குணசுந்தரிக்கு ஐம்பத்தொரு வயது. கணவர் சக்கரவர்த்தி இறந்த மறு வருஷம் மகளும் கல்யாணமாகிப் புனே போய்விட்டாள். நாடு முழுக்க வீடுவீடாக எடுக்கும் மனநலக் கணக்கெடுப்பில் கேள்வி கேட்கிற வேலை கிடைத்தது. ஆரணியில் ஒரு மாடி அறை எடுத்துத் தங்கினாள். ஜைனக் குடும்பத்துப் பழக்கம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவாள். அதற்குப் பிறகு பேச ஆள் கிடையாது.

எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை டேப்லெட்தான் சொல்லும். பூட்டியிருந்தால் மறுபடி போக வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டு ஒப்பேற்ற முடியாது. கொசப்பாளையத்தில் ஒரு வீடு மூன்றாவது தடவைதான் திறந்தது. பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர் சின்னக்கண்ணு, தனியாள்.

"எம்மா நேரம் ஆவும்மா?"

"ஒரு மணி நேரங்க. நீங்க சொல்றது வெளிய போவாது."

தூக்கம், பசி, படபடப்பு. எதைக் கேட்டாலும் "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. குரல் மாறாமல் கேட்க அவள் பழகியிருந்தாள்.

"போன ஒரு மாசத்துல, செத்துப்போயிடலாம்னு தோணிச்சாங்க?"

சின்னக்கண்ணு சாயம் ஏறிய நகங்களைப் பார்த்தபடி சொன்னார். "தெனம் அதத்தான் நெனச்சிகினு கீறேன். இத்தினி நாளா யாரும் என்னாண்ட கேக்கல."

வெள்ளிக்கிழமை என்று நாளும் குறித்திருந்தார். அன்று புதன்.

குணசுந்தரி மேற்பார்வை டாக்டர் ஹேமநாத்தை அழைத்தாள். "அவரத் தனியா விட்டுட்டு வராதீங்க. ஆஸ்பத்திரில நான் சொல்லிடறேன்" என்றார். தேசூரிலிருக்கும் தம்பியின் நம்பரைச் சின்னக்கண்ணுவிடமே கேட்டு வாங்கினாள். தம்பி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை, எந்த நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்று சின்னக்கண்ணு சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று தம்பி வாசலிலேயே அழுதார். ஆட்டோவில் ஏறும்போது சின்னக்கண்ணு திரும்பிப் பார்த்தார்.

"நாளிக்கு வருவீங்களாம்மா?"

கேள்வி கேட்ட வீட்டுக்குத் தனிப்பட்ட முறையில் மறுபடி போய்ப் பார்க்க விதியில் இடமில்லை. "தம்பி கூடவே இருப்பாருங்க" என்றாள்.

அன்று பட்டினி. மகள் போனில், "ஏம்மா, கொரல் ஒரு மாதிரி இருக்குது?" என்றாள்.

"வேல லேட்டாயிடுச்சி." அதற்கு மேல் சொல்லக் கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

பத்து நாள் கழித்து ஹேமநாத் அழைத்தார். "மருந்து ஆரம்பிச்சாச்சி. தம்பி வீட்டுல இருக்காரு. நல்லா தேறிகினு வராரு."

ராத்திரி தூங்குகிறாரா, யாரிடமாவது பேசுகிறாரா என்றெல்லாம் கேட்க நாக்கு வரை வந்தது. "சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரமே குழுவைத் தெள்ளாருக்கு மாற்றினார்கள். சாவியை வாங்கிக்கொண்ட வீட்டுக்காரம்மா, "மூணு மாசம் இருந்தீங்களே, இங்க யாராச்சும் பழக்கம் ஆனாங்களா?" என்றாள்.

"இல்லீங்க" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டாள் குணசுந்தரி.