காலியாக வந்த உறை

இது நடந்தது. முதலிலேயே பணிவுடன் அதைச் சொல்லிவிடுகிறேன். எழுதிப் பழக்கமில்லாதவன் என்பதால் நடையில் குறையிருந்தால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும், செய்தியில் குறையில்லை. சம்பந்தப்பட்டவர் என்னுடன் பணிபுரிபவர். அவர் சொன்ன நேரங்களை ஒரு நிமிடமும் கூட்டாமல் குறைக்காமல் தந்திருக்கிறேன்.

நரசிம்மன் லண்டனில், கிங்ஸ்பரியில் வசிக்கிறார். இளமையில் இரண்டாண்டுகள் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது அவருக்கு பேஸ்பால் பைத்தியம் பிடித்தது. நாடு மாறியும் அது விடவில்லை. ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்த்துவந்தார். அதிலும் ஆர்லன் டெக்கர் என்ற இடக்கைப் பந்துவீச்சாளர் என்றால் அவருக்கு உயிர். டெக்கர் பதினான்கு ஆண்டுகள் ஆடியவர். ஒரு கோப்பையும் வெல்லாதவர். ஆண்டுக்கு ஒன்றாகப் பதினான்கு அட்டைகள். அத்தனையிலும் அவருடைய கையெழுத்து இருக்க வேண்டும் என்பது நரசிம்மனின் ஆசை.

அதற்கொரு வழக்கம் உண்டு. அட்டையோடு, நம் முகவரியை நாமே எழுதி அமெரிக்கத் தபால்தலை ஒட்டிய வெற்று உறையையும் வைத்து அனுப்ப வேண்டும். ஆட்டக்காரர் கையெழுத்திட்டு அந்த உறையிலேயே திருப்பி அனுப்புவார்.

ஆனால் டெக்கருக்கு எண்பது வயதாகிவிட்டது. கை நடுக்கம் வேறு. முதல் உறை கையெழுத்தில்லாமலே திரும்பியது. அப்பாவை வருத்த வேண்டாம் என்று அவருடைய மகள் எழுதியிருந்தார். அப்போதுதான் பிளேஸ்டோவில் இருக்கும் சக சேகரிப்பாளன் டினேஷ் ஒரு யோசனை சொன்னான்.

"சின்னப் பிள்ளை ஒண்டுக்குக் கடும் வருத்தம் எண்டு எழுதுங்கோ அண்ணை. அந்த மனுசன் சாகக் கிடந்தாலும் எழும்பிச் சைன் வைக்கும்."

நரசிம்மன் எழுதினார். என் மகளுக்கு எட்டு வயது, இரத்தப் புற்றுநோய், உங்கள் கையெழுத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள். ஒரு பெயர் வேண்டியிருந்தது. துளசி என்று எழுதினார்.

அவருக்கு மகள் இல்லை. எட்டு வருடங்களுக்கு முன்பு, ஏழாம் மாதத்தில் அவர் மனைவி ஹம்சாவுக்குப் பிறந்த பெண் குழந்தை மூச்சே விடவில்லை. அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஹம்சா வைத்த பெயர் அது. இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதன்பின் அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்ததில்லை.

அட்டைகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் கோணல்மாணலான எழுத்தில், 'துளசிக்கு, அன்புடன்.' எழுத்து மாதத்துக்கு மாதம் மேலும் நடுங்கியது. நரசிம்மன் நிறுத்தவில்லை. பதின்மூன்று சேர்ந்துவிட்டன. அவற்றை அலமாரி மேலிருந்த பழைய சூட்கேசில் பூட்டி வைத்திருந்தார். ஹம்சா பார்த்துவிட்டால் அவருடைய இல்லறம் அன்றோடு முடிந்தது. அவர் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

ஜனவரி ஒன்பதாம் தேதி டெக்கர் காலமானார். டினேஷ் போனில் சிரித்தான்.

"கிழவர் முந்திட்டார் அண்ணை. பதினாலாவது போச்சு. இனிப் பிள்ளைக்கு என்ன சொல்லப் போறியள்?"

நரசிம்மனும் சிரித்தார்.

ஜனவரி 24, சனிக்கிழமை. மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்யும் ஹம்சா காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். சேகரிப்பாளர்களின் இணையதளத்தில் டெக்கருக்கு ஓர் அஞ்சலி எழுத நரசிம்மன் அட்டைகளைச் சாப்பாட்டு மேசையில் ஆண்டு வரிசையில் பரப்பினார். 'பெருந்தன்மையே உருவான மனிதர்' என்று முதல் வரியைத் தட்டினார்.

மணி 11:20. கதவின் தபால் துளை 'டப்' என்று மூடியது.

தரையில் ஓர் உறை. அவருடைய சொந்தக் கையெழுத்து. பதினான்காவது அட்டைக்காக டிசம்பரில் அனுப்பியது! நின்றபடியே பிரித்தார்.

உள்ளே ஒன்றுமில்லை. உதறிப் பார்த்தார். மெல்லிய வாசனை மட்டும் வந்தது... குழந்தைப் பவுடர்.

எரிச்சலோடு உறையைச் சமையலறைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

மேசை வெறுமையாக இருந்தது.

மணி 11:26. மாடிப்படியிலிருந்து ஒரு சத்தம். சரக்... சரக்... அட்டையை பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவும் சத்தம். அவருக்கு நன்கு பழக்கமான சத்தம்.

எட்டிப் பார்த்தார். பதின்மூன்று படிகள். படிக்கு ஓர் அட்டை. வரிசை கலையவில்லை. ஆனால் எல்லாம் படியின் விளிம்பில், கோணலாக... சின்னக் கை எட்டும் அளவில்.

ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு மேலே ஏறினார். பதின்மூன்று. எண்ணினார். கீழே திரும்பிப் பார்த்தார்.

படிக்கு ஓர் அட்டை.

அவர் கை காலி.

மறுபடி பொறுக்கினார். மறுபடி.

மணி 3:50. கால்கள் சோர்ந்து நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தாண்டி ஏதோ மேலே ஏறியது. காலடி கேட்டது. தத்தித் தத்தி...

மூச்சு மட்டும் கேட்கவில்லை.

படுக்கையறைக் கதவு திறந்தது. மூடியது.

மணி 4:25. வாசலில் சாவி திரும்பும் சத்தம்.

ஹம்சா கோட்டைக் கழற்றவில்லை. குனிந்து முதல் அட்டையை எடுத்துப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். ஒவ்வொரு படியாக ஏறினார். ஒன்றையும் விடவில்லை. இம்முறை அட்டைகள் அவர் கையிலேயே இருந்தன.

"இவருக்கு இந்தப் பேர் எப்படித் தெரியும்?"

உண்மையைச் சொல்ல நரசிம்மனுக்கு அப்போதும் நேரம் இருந்தது.

"எனக்குத் தெரியல, ஹம்சா. யாரோ பைத்தியக்காரன் போலிருக்கு."

"அட்ரஸ் உங்க கையெழுத்து."

குப்பைக்கூடையில் கிடந்த உறை ஹம்சாவின் மற்றொரு கையில் இருந்தது. அவர் சமையலறைக்குப் போகவே இல்லை.

ஹம்சா அறைக்குள் போனார். தாழ் விழுந்தது. நரசிம்மன் கதவில் காதை வைத்தார்.

உள்ளே ஹம்சா அழவில்லை.

பேசிக்கொண்டிருந்தார். மெதுவாக. இடையிடையே நிறுத்தி... பதிலுக்குக் காத்திருப்பவரைப் போல.

பிறகு சிரித்தார்.

கூடவே இன்னொரு சிரிப்பு.

"ஹம்சா... கதவைத் திற."

உள்ளே பேச்சு நின்றது. கதவின் அடிப்பகுதியை, அவர் முழங்கால் உயரத்தில், யாரோ உள்ளிருந்து ஒரே ஒரு முறை அறைந்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. ஸ்ட்ரெதமில் இருக்கும் தோழி வீட்டுக்கு ஹம்சா போய்விட்டார். பைகளைக் காரில் ஏற்ற உதவிய டினேஷ் மாலையில் போன் செய்தான். இம்முறை அவன் சிரிக்கவில்லை.

"அண்ணை, பின் சீட்டில ஒருத்தரும் இல்லை. அக்கா ஏன் அதுக்கு பெல்ட் போட்டுவிட்டவ?"

இத்துடன் முடிந்திருந்தால் மனக்குழப்பம் என்று நானும் நினைத்திருப்பேன். செவ்வாய்க்கிழமை டெக்கரின் மகளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நரசிம்மன் அதை என்னிடம் காட்டினார். அதை அப்படியே தமிழில் தருகிறேன்.

'தங்கள் மகள் துளசி மறைந்த செய்தியை அப்பா எங்களிடம் சொன்னார், ஆழ்ந்த அனுதாபங்கள். கடைசி வாரம் முழுவதும், ஒரு சிறுமி கட்டிலருகே நிற்கிறாள், வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தாங்கள் கடைசியாக அனுப்பிய அட்டையில் கையெழுத்திட அவர் மறுத்துவிட்டார். அது எங்களிடம் பத்திரமாக உள்ளது. வெற்று உறையை மட்டும் கேட்டு வாங்கினார். அதைத் திறந்து பிடித்துக்கொண்டு, "இதில் உன் அப்பாவின் முகவரி இருக்கிறது, ஏறிக்கொள்" என்றார். பிறகு தன் கையாலேயே ஒட்டினார். இறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு. அவர் விருப்பப்படி அதைத் தபாலில் சேர்த்தோம்.

உறை வந்து சேர்ந்ததா?'