டூட்டியில் விழுந்தவரும் லீவில் தூக்கியவளும்

ஏலகிரி அடிவாரத்து ஜெயபுஷ்பத்துக்கு நாற்பத்தாறு வயது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தையல் செக்ஷனில் வேலை. அதற்கு முன்னால் அதே மலையிலிருந்து விறகும் சீத்தாப்பழமும் சுமந்து இறக்கி விற்றவள். எந்தப் பாறை வழுக்கும், எந்தத் தடம் பாதியில் ஏமாற்றும் என்பது அவள் காலுக்கே தெரியும். அதுதான் அவளுக்கு வந்த வினை.

மலையில் யாராவது மாட்டிக்கொண்டால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவளுக்குத்தான் போன் வரும். வீடியோ எடுக்கப் போய்ப் பள்ளத்தில் சரிந்தவர்கள், செல்போன் மேப்பை நம்பி முள்ளுக்குள் நுழைந்தவர்கள், பீர் பாட்டிலோடு ஏறி இறங்கும் வழி மறந்தவர்கள் என்று நாலு வருஷத்தில் ஏழு முறை. தீயணைப்பு வண்டி தார் ரோட்டோடு நின்றுவிடும், ஆம்புலன்ஸும் அப்படியே. அதற்கு மேலே அரசாங்கம் என்றால் ஜெயபுஷ்பம், அவள் கொழுந்தன் சாமுவேல், அவனுடைய தோஸ்துகள் நாலு பேர், ஒரு மூங்கில், ஒரு போர்வை. ஏழு முறைக்கும் சேர்த்து அவளுக்குக் கிடைத்தது ரெண்டு பொன்னாடை. அதில் ஒன்றைத் தலையணை உறையாகத் தைத்துவிட்டாள்.

எட்டாவது போன் ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. முஸம்மில் ஏட்டுதான்.

“எங்கம்மா இருக்கே?”

“கம்பெனி பஸ்ல ஒரு கால் வெச்சிட்டேன் சார்.”

“அந்தக் காலை எடுத்துடு. மேல ஒருத்தர் விழுந்துட்டாரு. பெரிய ஆபீசராம்.”

“கம்பெனில இன்னா சொல்றது?”

“நான் பேசிக்கிறேன், நீ போம்மா.”

ஏழு முறையும் அவர் இதையேதான் சொன்னார். யாரிடமும் பேசியதில்லை. பஸ் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது.

சாமுவேல் ஆட்களோடு ஒன்றரை மணி நேரம் ஏறியபோது விசில் சத்தம் கேட்டது. பாறை மேல் பன்னிரண்டு பேர் ஒரே மாதிரி பனியன் போட்டு நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். கீழே பள்ளத்தில், கணுக்கால் பூசணிக்காயாக வீங்கி, ஒருவர் கிடந்தார். அவர் பனியனில் மட்டும் ‘லீடர்’ என்று அச்சடித்திருந்தது. குறுக்கு வழி காட்டுகிறேன் என்று முன்னால் போனவர் அவர்தான்.

கிட்டே போனதும் ஜெயபுஷ்பத்துக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அவள் கம்பெனி பர்சனல் மேனேஜர் ஜோனதன். ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் ரெண்டு நாள் தலைமைப் பண்பு முகாம் என்று கம்பெனியில் பேச்சு அடிபட்டது இதுதானா! போன வருஷம் அக்கா மாமனார் செத்ததற்கு அரை நாள் லீவு கேட்டபோது, “ரத்த சம்பந்தமா?” என்று கேட்டு, இல்லை என்றதும் காகிதத்தைத் திருப்பித் தந்தவர். அவருக்கு இவளைத் தெரியவில்லை. ஆயிரத்து எண்ணூறு பேரில் ஒரு முகம்.

போர்வையை மூங்கிலில் கட்டி டோலியாக்கி அவரைத் தூக்கினார்கள். மனுஷன் தொண்ணூறு கிலோ. சரிவில் ஒரு இடத்தில் ஒருத்தனுக்குக் கால் இடற, ஜெயபுஷ்பம் தன் தோளைக் கொடுத்தாள். மூங்கில் உரசி ஜாக்கெட் கிழிந்து தோலும் வந்துவிட்டது.

“அம்மா, நீங்க தெய்வம்மா” என்றார் ஜோனதன், கண்ணில் தண்ணீரோடு. “என்ன உதவி வேணும்னாலும் என்கிட்ட கேளுங்க.”

“இப்போதைக்கு ஆடாம படுங்க சார்.”

ரோட்டுக்கு வந்ததும் யூனிஃபார்ம் போட்டவர்கள் எல்லாரும் டோலியில் ஆளுக்கொரு கை வைத்தார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் கையை எடுத்தார்கள். மறுநாள் பேப்பரில் மீட்புப் படையின் துரித நடவடிக்கை என்று வந்தது. ஜெயபுஷ்பத்தின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

அன்றைக்கே அவளுக்கு மெமோவும் வந்தது. முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராததற்கு விளக்கம் வேண்டுமாம். ஒரு நாள் சம்பளமும் அந்த மாச அட்டெண்டன்ஸ் போனஸ் ஆயிரத்து இருநூறும் கட். ஜோனதன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போட்டிருந்தார். கை உடையவில்லையே.

மூன்று வாரம் கழித்து விசாரணை. மாவுக்கட்டுக் காலை நாற்காலி மேல் நீட்டி அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சூப்பர்வைசர் ஹீனா. ஜெயபுஷ்பம் உள்ளே வந்ததும் அவர் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. பிறகு தெளிந்தது.

“நீங்கதானா அது! ரொம்ப நன்றிம்மா. ஆனா ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே? மலைல ஆளைக் காப்பாத்தறது கவர்மெண்ட் வேலை. நாம ஏன் போறோம்?”

“உங்க ஆஸ்பத்திரி செலவு யாரு சார் கட்டுனது?”

“கம்பெனிதான். முகாம் ஆபீஸ் வேலைல சேர்த்தி. அதனால சம்பளத்தோட லீவு.”

“அப்போ விழுந்த நீங்க டூட்டில விழுந்தீங்க. தூக்குன நான் லீவுல தூக்குனேன். அப்படித்தானே சார்?”

ஹீனா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது. சாயங்கால பஸ் புறப்படுவதற்குள் இந்த வார்த்தை கம்பெனி முழுக்கப் போய்விட்டது. கேன்டீனில் யாராவது டம்ளரைத் தவறவிட்டால்கூட, “டூட்டில விழுந்துச்சா, லீவுல விழுந்துச்சா?” என்று கேட்டார்கள்.

நிர்வாகத்துக்குக் கூச்சமாகப் போயிற்று. பாதுகாப்பு தின விழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டுக் கண்ணாடி போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். போனஸ் என்னாச்சு என்று அங்கேயே கேட்டாள். சிஸ்டத்தில் மாசம் முடிந்துவிட்டது, திறக்க முடியாது என்றார்கள்.

தை மாசம் ஏட்டு மறுபடி கூப்பிட்டார். காலேஜ் பிள்ளைகள் ரெண்டு பேர் பாறையில் மாட்டிக்கொண்டார்களாம்.

“போறேன் சார். ஆனா மொதல்ல ஸ்டேஷன் சீல் போட்டு, இந்தம்மாவை நாங்கதான் அனுப்பினோம்னு கம்பெனிக்கு லெட்டர் எழுதி என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்க. அது வர்ற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்.”

“உசுரு போற விஷயம்மா!”

“அதான் சார், சீக்கிரம் எழுதுங்க.”

ஏட்டு காதைத் தீட்டிக்கொண்டார். “ஏம்மா, உக்காந்துட்டு இருக்கேன்றே, பின்ன ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

“கோவத்துல சார்” என்றாள் ஜெயபுஷ்பம், சாமுவேலுக்கு நட என்று கையைக் காட்டிவிட்டு, மலையின் மூன்றாவது வளைவில் ஏறிக்கொண்டே. பிள்ளைகள் கத்தியது ஏட்டு கூப்பிடுமுன்பே ஊருக்குக் கேட்டிருந்தது.

பத்து நிமிஷத்தில் லெட்டர் வந்தது. கம்பெனி அதை ரெண்டு வாரம் வைத்து யோசித்து, அரை நாள் டூட்டி என்று முடிவு செய்தது. மலை ஏறியதற்கா, இறங்கியதற்கா என்று அவள் எழுதிக் கேட்டிருக்கிறாள்.